நடுவில் நிற்கும் நான்கு ஆண்டுகள்

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் பெறுபேறு வெளிவந்த மறுநாள் நம் வீடுகள் இருவகைப்பட்டு நிற்பதைக் காணலாம். ஒரு வீட்டிலே அயலவர்க்குக் கேக்கும் கற்கண்டும் பகிரப்படுகின்றன. பிள்ளையின் படம் பத்திரிகைக்கு அனுப்பப்படுகின்றது. அடுத்த வீட்டிலே படலை சாத்தியபடி கிடக்கின்றது. அண்மைய ஆண்டுகளில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் இப்பரீட்சைக்குத் தோற்றி வந்திருக்கின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வெட்டுப்புள்ளியை எட்டுவதில்லை. ஆகவே சாத்திய படலைகளே நாட்டில் மிகுதி.

இப்பரீட்சை தோன்றிய காலத்தில் அதன் நோக்கம் நல்லதாகவே இருந்தது. 1940 களில் கல்வி மந்திரியாயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் கிராமப் பகுதிகளில் மத்திய கல்லூரிகளை நிறுவியபோது, திறமையுள்ள வறிய பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து அங்கே அனுப்புவதற்கு ஒரு வழி வேண்டியிருந்தது. அவ்வழியே பரீட்சையாயிற்று. இன்றோ அது பத்து வயதுப் பிள்ளையின் நெற்றியிற் குத்தும் முத்திரையாகிவிட்டது. முத்திரை பெறாத பிள்ளை "நான் மொக்கு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஆறாந் தரத்தின் வாசற்படியை மிதிக்கின்றது.

அடுத்த அரசாங்கப் பரீட்சை க.பொ.த. சாதாரண தரம், அது பதினொராந் தரத்தின் முடிவில் வருவது. பத்தாந் தரம் பிறந்தவுடனே அதன் நிழலும் வந்துவிடும். இரண்டுக்கும் இடையே, ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் ஈறாக நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. கனிஷ்ட இடைநிலை என்பது அதற்குக் கல்விப் பகுதியார் இட்ட பெயர். இந்நான்கு ஆண்டுகளிலும் அரசாங்கப் பரீட்சை ஒன்றும் இல்லை. தவணைப் பரீட்சை உண்டு. ஆனால் அதன் புள்ளி அட்டையை வீட்டாரும் வகுப்பாசிரியருமன்றி வேறொருவரும் பார்ப்பதில்லை. பள்ளிப் பருவத்தில் இத்துணை நீண்ட இடைவெளி பின்னர் ஒருபோதும் வாய்ப்பதில்லை. அதை நாம் என்ன செய்கிறோம் என்பதையே இவ்வாரம் பெற்றோரோடும் மாணவரோடும் பேச விரும்புகிறோம்.

பாடப் புத்தகத்துக்கு அப்பால் ஓர் அரசாங்கப் பாடசாலை பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியவை பல. மாணவர் மன்றம், இல்ல விளையாட்டுப் போட்டி, சாரணியம், நாடகம், கையெழுத்து இதழ், தோட்டம் என்பன அவற்றுட் சில. இவற்றுக்குப் "புறக்கிருத்தியங்கள்" என்று முன்னோர் பெயரிட்டது நல்லூழன்று. "புறம்" என்ற சொல் ஒட்டிக்கொண்டதனால் அவையும் புறத்தே நின்றுவிட்டன. பின்னாளில் "இணைப்பாடவிதானச் செயற்பாடுகள்" என்று பெயர் மாறியது. பெயர் நீண்டதேயன்றி நேரம் நீளவில்லை.

மாணவர் மன்றத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வாரத்தில் ஒரு பாடவேளை, நாற்பது நிமிடம். ஆசிரியரின் மேசையைச் சற்றே பின்தள்ளி இரண்டு மூன்று கதிரைகள் போடப்படும். தலைவரும் காரியதரிசியும் அமர்வர். தேவாரம், சென்ற கூட்டத்தின் அறிக்கை, பேச்சு, பாட்டு, விடுகதை, நன்றியுரை என்று நிகழ்ச்சி செல்லும். வெளியில் நின்று பார்ப்போர்க்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும் அதனுள் எத்தனை தொழில்கள் அடங்கியிருக்கின்றன! கூட்டத்தை நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிப்பது ஒரு தொழில். நடந்ததை நடந்தவாறே பத்து வரிகளில் அறிக்கையாக எழுதுவது இன்னொரு தொழில். வளர்ந்தோர் பலர்க்கே இது கைவரவில்லை என்பதை ஊர்ச் சங்கக் கூட்டங்களுக்குச் செல்வோர் நன்கறிவர். அறிக்கையிற் பிழை காணின் எழுந்து நின்று மரியாதையோடு திருத்தம் சொல்வதும், சொல்லப்பட்ட திருத்தத்தை முகங்கோணாது ஏற்பதும் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாதவை.

குறை எங்கே எனின், ஆறாந் தரத்தில் தலைவராயிருந்த பிள்ளையே ஒன்பதாந் தரத்திலும் தலைவராயிருக்கிறது. நன்றாகப் பாடும் பிள்ளையே ஒவ்வொரு கூட்டத்திலும் பாடுகிறது. மற்றை முப்பது பேரும் நான்கு ஆண்டுகள் கைதட்டிப் பழகுகின்றனர். புலமைப்பரிசிற் பரீட்சை ஒருமுறை "நீ அல்ல" என்றது. அதே சொல்லை மன்றமும் வாரந்தோறும் சொல்லுமாயின் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

இடாப்பு வரிசைப்படி மாதம் ஒருவர் தலைவராகவும் ஒருவர் காரியதரிசியாகவும் இருப்பதே நாம் கண்டவற்றுள் நேரிய முறை. ஒரு பள்ளியாண்டில் இருபது பிள்ளைகள் வரை பதவியில் அமர்ந்து எழுந்துவிடுவர். நான்கு ஆண்டுகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு முறையேனும் அது வாய்க்கும். கூச்சமுள்ள பிள்ளை குழறிவிடுமே என்று சில ஆசிரியர்கள் அஞ்சுவர். குழறட்டும். தன் வயதுத் தோழரின் முன் குழறாது போனால், நாளை நேர்முகப் பரீட்சைக்காரரின் முன் குழற நேரும். முதல் முறை தாளைப் பார்த்து வாசிக்க விடுக. மறுமுறை ஒரு விடுகதை போடச் சொல்க. மூன்றாம் முறை தானாகவே மூன்று நிமிடம் பேசும்.

இவ்விடத்தில் தமிழ்த்தினப் போட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். கோட்டம், வலயம், மாகாணம், பின்பு அகில இலங்கை என்று படிப்படியாக நடைபெறும் அப்போட்டிகள் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த அரிய களம். பேச்சு, பாவோதல், இசை, நடனம், நாடகம், ஆக்கம் என அங்கே இடம்பெறாத கலை சிலவே. ஆயினும் நடப்பதென்ன? ஆசிரியரோ தந்தையாரோ எழுதிக் கொடுத்த பேச்சைப் பிள்ளை நெட்டுருப் பண்ணுகின்றது. எந்தச் சொல்லில் வலக்கை உயரவேண்டும் என்பதற்குத் தாளின் ஓரத்திற் சிவப்புக் கோடு இடப்பட்டிருக்கின்றது. நடுவிலே ஒரு வரி மறந்ததாயின் உயர்த்திய கை உயர்த்தியபடியே நிற்க, பிள்ளை முகட்டைப் பார்க்கிறது. சபையில் இருக்கும் தாயாரின் வாயோ அந்த வரியை ஓசையின்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதைக் காணாதவர் நம்மிடையே அரியர். முதலாம் இடம் கிடைத்தாலும் அப்பரிசு எழுதியவர்க்கே உரியதன்றோ? போட்டி வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. முதற்சுற்றை வகுப்பறைக்குள்ளே, எல்லாப் பிள்ளைகளையும் கொண்டு, அவர்கள் தாமே எழுதிய நான்கு வரிகளோடு நடத்துக என்கிறோம். மேலே செல்பவர் ஒருவரே ஆயினும் பேசியவர் முப்பது பேராவர்.

இனி இல்ல மெய்வல்லுநர் போட்டி. முதலாந் தவணை பிறந்துவிட்டால் எந்தப் பாடசாலை வளவிலும் சுண்ணாம்புக் கோடுதான். நாவலர் இல்லம், இராமநாதன் இல்லம், விபுலானந்தர் இல்லம் என்று பெயர் சூட்டிப் பிள்ளைகள் பிரிந்து நிற்பர்; தென்னோலையும் குரோட்டன் சாடியும் அக்காமாரின் சேலைகளுமாக இல்லங்கள் அலங்கரிக்கப்படும். அணிநடையும் வினோத உடையும் பழைய மாணவர் ஓட்டமும் ஊரையே கூட்டிவிடும். நம்மவர்க்கு இது ஒரு திருவிழா. அதிற் குறை கூற மனம் வரவில்லை.

எனினும் பழைய பாடசாலைகள் பலவற்றில் இருந்த ஒரு நல்வழக்கம் இன்று அருகி வருகின்றது. போட்டி நாளுக்கு முன்னைய வாரங்களில், குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்கும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அதன் இல்லத்துக்கு ஒரு புள்ளி கொடுப்பார்கள். நீளம் பாய்தலுக்கும் குண்டு எறிதலுக்கும் அவ்வாறே அளவு வைத்திருப்பார்கள். அளவு கடினமானதன்று; உடல்நலமுள்ள எந்தப் பிள்ளையும் நாலு நாள் பயின்றால் எட்டிவிடலாம். இதனால் நேர்ந்த விளைவைக் கவனியுங்கள். முதலாவதாக ஓடும் வீரன் இல்லத்துக்குப் பத்துப் புள்ளி கொண்டுவந்தால், பின்வரிசையில் மூச்சிரைக்க ஓடிய இருபது பிள்ளைகள் சேர்ந்து இருபது புள்ளி கொண்டுவந்தனர். இல்லத் தலைவன் மாலையில் அவர்களைத் தேடிச் சென்று "தம்பி, நாளைக்கு வா, உன் புள்ளி நமக்கு வேண்டும்" என்று அழைக்க வேண்டியிருந்தது. பருத்த பிள்ளையையும் மெலிந்த பிள்ளையையும் யாரேனும் "நீ வேண்டும்" என்று அழைத்த இடம் அது ஒன்றே. கூடாரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் வெற்றிக் கிண்ணங்களுக்கும் செலவிடும் பணத்தில் நூறில் ஒரு பங்கும் இதற்கு வேண்டியதில்லை. ஒரு நேரக் கடிகாரமும் ஓர் அளவு நாடாவும் போதும்.

செலவைப் பற்றிப் பேசப் புகுந்தமையால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். இல்லத்தின் நிறத்தில் மேற்சட்டை, அணிநடைக்கு வெள்ளைச் சப்பாத்து, நடனத்துக்கு வாடகை உடை என்று ஒரே தவணையில் மூன்று நான்கு முறை பணம் கேட்கப்படும் வீடுகள் உண்டு. கூலிக்குச் செல்லும் தந்தை இல்லையென்று சொல்ல, பிள்ளை "எனக்குக் காய்ச்சல்" என்று ஆசிரியரிடம் சொல்லி விலகிக்கொள்கிறது. அந்தக் காய்ச்சலை ஆசிரியர்கள் அறிவார்கள். நிற நாடாவொன்றைக் கையிற் கட்டினால் இல்லம் தெரியாதா?

சாரண இயக்கம் இந்நாட்டில் 1912 இல் மாத்தளையிலும், பெண் சாரணியம் 1917 இல் கண்டியிலும் தொடங்கின. சீருடை விலையேறியமையால் சிறிய பாடசாலைகள் தயங்குகின்றன. ஆயினும் அதன் உள்ளமைப்பைச் சீருடையின்றியே கைக்கொள்ளலாம். ஆறேழு பேர் கொண்ட சிறு அணி. ஒருவர் தலைவர், ஒருவர் கணக்கு எழுதுபவர், ஒருவர் பண்டங்களுக்குப் பொறுப்பு, ஒருவர் முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பு. ஆறு பேரில் ஒளிந்துகொள்ள ஒருவராலும் முடியாது.

கையெழுத்து இதழைப் பற்றிப் பேசும்போது நமக்குச் சற்று உற்சாகம் மிகுந்துவிடுகிறது, வாசகர்கள் பொறுத்தருள்க. ஈழத்துத் தமிழிலக்கியத்தில் ஒரு காலகட்டத்துக்கே பெயர் தந்த "மறுமலர்ச்சி" இதழ் 1946 இல் அச்சில் வருமுன் கையெழுத்து ஏடாகவே உலாவியது. இளைஞர் சிலர் எழுதி, கைமாறிக் கைமாறிப் படித்து, பின்னரே அச்சுக்கூடத்தை நாடினர். ஒரு வகுப்பறையில் இதழ் நடத்த வேண்டியவை நாற்பது தாள், பசை, நிறப் பென்சில், ஒரு நூற்கட்டு. இதிலே எழுத்தாளர் மட்டுமா வேண்டும்? அழகாக எழுதுபவர் ஒருவர், படம் கீறுபவர் ஒருவர், எழுத்துப் பிழை பார்ப்பவர் ஒருவர், தவணை சொல்லி ஏமாற்றும் எழுத்தாளரை விடாது துரத்துபவர் ஒருவர் வேண்டும். இக்கடைசித் தொழிலுக்குப் பெரும்பாலும் கணக்கிலே குறைந்த புள்ளி வாங்கும் பிள்ளையே தலைசிறந்தவராக இருப்பார்! அம்மம்மா சொன்ன வைத்திய முறை, ஊர்க் கிணற்றின் கதை, கடலுக்குப் போகும் மாமாவிடம் கேட்டறிந்த காற்றின் பெயர்கள், தோட்டத்துக் கொழுந்துக் கூடையின் எடை இவையெல்லாம் அதில் வரட்டும். கணினியில் அடித்துப் படியெடுப்பது எளிதுதான். ஆனால் ஒருவர் இருவர் கையோடு வேலை முடிந்துவிடும்.

நாடகமும் அவ்வாறே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962 இல் "கர்ணன் போர்", 1964 இல் "இராவணேசன்" ஆகிய கூத்துகளை மேடையேற்றியபோது, ஊர்ப்புறத்து அண்ணாவிமாரின் கலை படித்தோர் மேடைக்கு ஏறியது. குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள் 1978 இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவியதோடு பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே நாடகங்கள் எழுதினார். கூத்துக்கு அரசன் ஒருவன் போதும். பிற்பாட்டுக்கோ பத்துப் பேர் வேண்டும். தனித்துப் பாட நாணும் பிள்ளை பத்துப் பேரோடு சேர்ந்து தொண்டை திறந்து பாடும். இன்று ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரை சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்பவற்றுள் ஒன்றைப் பிள்ளை பாடமாகவே பயிலலாம். ஆனால் பல பாடசாலைகளில் எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அந்தப் பாடமே பிள்ளையின் விருப்பப் பாடமாகிவிடுகிறது. அதை ஈடுசெய்வதற்கேனும் பிற்பகலில் ஒரு நாடகம் வேண்டும்.

பாடசாலைத் தோட்டம், கைப்பணி ஆகியவற்றை நீட்ட விரும்பவில்லை. 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் ஊர்த் தொழிலை வகுப்பறைக்குட் கொண்டுவர முயன்றது. 1977 இன் பின் அது கைவிடப்பட்டது. பெற்றோர் அதை இரண்டாந்தரக் கல்வி என்று ஐயுற்றதும் ஒரு காரணம். கத்தரிக்கன்று நடுவது தாழ்ந்த படிப்பு என்னும் எண்ணம் இன்னும் நம்மை விட்டு அகலவில்லை.

"எல்லாம் சரி, நேரம் எங்கே?" என்று தாய்மார் கேட்பது நம் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. பிற்பகல் 1.30 க்கு மணி அடிக்கும். இரண்டரைக்கு ரியூஷன் வகுப்பு. திங்கள் கணிதம், செவ்வாய் விஞ்ஞானம், புதன் ஆங்கிலம், பின்னும் கணிதம். சனி ஞாயிறும் விலக்கல்ல. பதினொரு வயதுப் பிள்ளை காலையில் ஐந்தரைக்கு எழுந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறது. அலுவலகத்து உத்தியோகத்தர்கள் இவ்வாறு உழைக்கும்படி ஏவப்பட்டால் தொழிற்சங்கம் கொடி தூக்கும். பிள்ளைகளுக்குத் தொழிற்சங்கம் இல்லை. பெற்றோர் கொடியவர் என்று நாம் சொல்லோம். வகுப்பிலே கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையின் பெற்றோர் வேறென்ன செய்வர்? அயல் வீட்டுப் பிள்ளை போகும்போது தம் பிள்ளையை மறித்து வைக்கவும் அஞ்சுகின்றனர். ஆனால் சாதாரண தரப் பரீட்சைக்கு ஐந்தாண்டுகள் இருக்கும்போதே அதன் வினாத்தாளை ஆறாந் தரப் பிள்ளையின் கையிற் கொடுப்பது தேவையினால் அன்று, அச்சத்தினாலேயே நடக்கிறது. வாரத்தில் ஐந்து பிற்பகல்கள் உள்ளன. நான்கை ரியூஷனுக்குக் கொடுப்போர் ஒன்றையேனும் பாடசாலைக்கு விட்டுவைக்கலாகாதா?

பஸ் வண்டியும் ஒரு தடை. பாடசாலை நேரத்தை ஒட்டி ஓடும் "சிசு செரிய" வண்டி மூன்று மணிவரை காத்திராது. மலைநாட்டில் வண்டிப் பாதையிலிருந்து லயத்துக்கு இரண்டு மூன்று மைல் நடக்க வேண்டிய பிள்ளைகள் இருக்கின்றனர். மழைக் காலத்தில் பெண் பிள்ளையைத் தனியே வரவிடத் தாய் அஞ்சுவாள். இதற்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கமே வழி காண வேண்டும். ஒரே ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாளில் தங்கினால், கூட்டாக நடந்து வருவதும் எளிது, ஒரு முச்சக்கர வண்டியை அமர்த்துவதும் எளிது. ஆண்டறிக்கை வாசிக்கப்படும் கூட்டத்தில் "எத்தனை வெற்றிக் கிண்ணம்?" என்று கேட்கும் பெற்றோர், "எத்தனை பிள்ளைகள் ஒருமுறையேனும் ஓடினார்கள், பேசினார்கள், நடித்தார்கள்?" என்று கேட்டுப் பார்க்கட்டும். அதிபருக்கு அக்கணக்கை எடுக்க ஒரு தவணை ஆகும். அடுத்த தவணை கணக்கு மாறும்.

சிறிய பாடசாலைகளின் பெற்றோர்க்குத் தனியே ஒரு வார்த்தை. பட்டினத்துப் பெரிய கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்று வருந்துகிறீர்கள். அங்கே ஒரு தரத்தில் இருநூறு முந்நூறு பிள்ளைகள். கிரிக்கெட் அணியிலோ பதினொரு இடங்களே. பதினோராந் தரத்தோடு முடியும் உங்கள் ஊர்ப் பாடசாலையில் ஒரு வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள் இருப்பர். கூத்துப் போடுவதாயின் பதினெட்டுப் பேரும் வேண்டும். அஞ்சலோட்டத்துக்கு ஆள் போதாமல் நேற்றுவரை ஓடாத பிள்ளையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆசிரியர் குறைவு, மைதானம் சிறிது, வாத்தியம் இல்லை என்பனவெல்லாம் உண்மையே. எனினும் "நீ வேண்டும்" என்று பிள்ளையை அழைப்பதிற் சிறிய பாடசாலையைப் பெரிய பாடசாலை வெல்ல முடியாது.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் கேட்பது ஒன்று. உங்கள் வகுப்பில் இதுவரை மன்றத்தில் வாய் திறவாத ஒருவர் இருப்பார். பெரும்பாலும் யன்னலோரத்துக் கடைசி வாங்கில் இருப்பார். அவருக்கு நல்ல விடுகதைகள் தெரியும். இடைவேளையில் நீங்களே கேட்டுச் சிரித்திருக்கிறீர்கள். வரும் வாரத்து நிகழ்ச்சி நிரலை எழுதுமுன் அவரிடம் போய், எந்த விடுகதையைப் போடப் போகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.